பசுமை ஆடையும் கணக்கில் வராத தாய்மார்களும்

பெண்களுக்கான இதழ்ப் பக்கங்களில் ஒரே கதை பல பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது. நாற்பதைக் கடந்த ஒரு தாய். பிள்ளைகளின் தேர்வு, மாமியாரின் மருந்து, கணவரின் பணிமாற்றம் ஆகியவற்றுக்கிடையே கிடைத்த சிறு இடைவெளியில், சூழலுக்குக் கேடு செய்யாத ஆடைகளை விற்கும் தொழிலைத் தொடங்குகிறார். இடர்கள் வருகின்றன, வெல்கிறார். கட்டுரையின் ஓரத்தில் ஒரு புகைப்படம்: தறியின் முன் அமர்ந்திருக்கும் இன்னொரு பெண். அவருக்கும் வயது நாற்பதுக்கு மேல், அவரும் தாய்தான், அவருக்கும் ஓய்வில்லை. ஆனால் பெயர் மட்டும் இல்லை. ‘கைவினைஞர்’ என்ற பொதுச்சொல்லோடு அவருடைய கதை முடிந்துவிடுகிறது.

இவ்விருவரில் ஒருவரின் உழைப்பு ‘தொழில்முனைவு’ என்றும் மற்றவரின் உழைப்பு ‘பாரம்பரியம்’ என்றும் எழுதப்படுவதையே நாம் எதிர்க்கிறோம். தொழில் தொடங்கிய தாயை அல்ல. அடகு வைக்கத் தன் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத பெண், நடுவயதில் முதல் திரட்டுவது எத்தகைய பாடு என்பதை அறியாதவர்களல்லர் நாம். நம் வழக்கு அந்தப் பாராட்டுரை போடும் கணக்கோடுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை எடுத்துக்கொள்வோம். ஊரிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சிற்றூர்களிலும் பட்டுத்தறி என்பது வீட்டின் ஓர் அறை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. உழைப்பு மட்டுமே உள்ளூர்ச் சரக்கு. அந்த உழைப்பில் நெய்தல் ஒரு பகுதிதான். நூல் பிரிக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். கணவர் நெய்தால் மனைவி தார் சுற்றுகிறார். மனைவி நெய்தால் பெரும்பாலும் அதையும் அவரே சுற்றிக்கொள்கிறார். கூலியோ முடிந்த புடவைக்கு. தார் சுற்றிய கைக்குத் தனிக்கூலி பல வீடுகளில் கிடையாது. அது ‘வீட்டு வேலை’.

2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் சுமார் 35 லட்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களுள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். வடகிழக்கு மாநிலப் பெண்கள் இதில் பெரும்பங்கினர் என்பது உண்மையே. ஆயினும் தொழிலின் பெரும்பாரம் யார் தோளில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்பதும் அதே கணக்கெடுப்பு தரும் செய்தி. இந்தப் பெண்கள் எவரும் நாற்பது வயதில் தொழில் ‘தொடங்கவில்லை’. பத்து வயதில் தாரோடு தொடங்கியது அது.

இனி, ‘பசுமை’ என்ற சொல்லுக்கு வருவோம். கைத்தறி மின்சாரமின்றி ஓடுகிறது; அந்த அளவில் அது தூயது. ஆனால் பட்டுநூல் தறிக்கு வருமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகிறது. நூலின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு பசையாகக் கரைந்து அந்நீரோடு போகிறது. பிறகு சாயம். இயற்கைச் சாயம் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. நிறத்தை நூலில் பிடித்து நிறுத்த உலோக உப்புகள் வேண்டும். படிகாரமென்றால் பாதகம் குறைவு. குரோமிய உப்பென்றால் அது நஞ்சு. ஒரு புடவைக்காகக் கூட்டுக்குள்ளேயே மடியும் பல ஆயிரம் புழுக்களை எண்ணி, அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு நூலெடுக்கும் ‘அகிம்சைப் பட்டு’ முறையை ஐதராபாத்தின் குசுமா ராஜய்யா வளர்த்தெடுத்தார். போற்றத்தக்க பணி. ஆனால் புழுவின் உயிருக்கு இரங்கிக் கூடுதல் விலை தர முன்வரும் வாடிக்கையாளர், தார் சுற்றும் பெண்ணின் முதுகுவலிக்கு என்ன விலை என்று கேட்பதில்லை.

சாயநீர்க் கணக்கைத் தள்ளிப்போட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை அந்தச் செலவை உழவர்களின் நிலமே ஏற்றது. சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யில் எழுதியது அந்த ஊரைத்தான். ஆரணியின் பட்டும் திருப்பூரின் பின்னலாடையும் அளவில் ஒப்பிடத்தக்கவையல்ல. ஆனால் பாடம் ஒன்றே: ஆடையின் விலையில் சேராத செலவு மறைந்துபோவதில்லை, எளியவர் தலையில் இறங்குகிறது.

சந்தை பொறுக்காது, விலை ஏறினால் வாங்குவாரில்லை, விசைத்தறி விழுங்கிவிடும் என்பார்கள். விசைத்தறியின் அச்சுறுத்தல் மெய்தான். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், பட்டுப்புடவை விசைத்தறியில் நெய்யப்படுவதாக நெசவாளர்கள் முறையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனாலேயே கேட்கிறோம்: விசைத்தறித் துணியைவிடக் கூடுதல் விலையை எதைச் சொல்லிப் பெறுகிறீர்கள்? அந்தப் பெண்ணின் கையைச் சொல்லித்தானே? கையைக் காட்டி வாங்கிய விலையில் கைக்கு எவ்வளவு போயிற்று என்று சொல்வதில் என்ன தடை?

முடியாதது அல்ல இது. பொள்ளாச்சியில் விஜயலட்சுமி நாச்சியார் தம் கணவரோடு 2009இல் தொடங்கிய ‘எதிக்கஸ்’, நெய்தவரின் பெயரையும் படத்தையும் புடவையின் அட்டையிலேயே இட்டது. ஆந்திரத்தில் உஸ்ரம்மா முன்னெடுத்த ‘மல்கா’, பருத்தி விளையும் இடத்துக்கு அருகிலேயே நூற்பையும் நெசவையும் கொண்டுவர முயன்றது. துணியைவிட அதன் பின்னுள்ள உற்பத்தி முறையை மாற்றுவதே அதன் நோக்கம். பெண்கள் தலைமையேற்ற இம்முயற்சிகள் பாதி வழியைக் கடந்துவிட்டன. மீதிப் பாதி கூலி. பெயரை அச்சிட்டவர்கள் தொகையையும் அச்சிடலாம்.

நூல் தூய பட்டா என்பதைச் சொல்ல ‘சில்க் மார்க்’ இருக்கிறது. கையால் நெய்ததா என்பதைச் சொல்லக் ‘கைத்தறி முத்திரை’ இருக்கிறது. ஊரைச் சொல்லப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆரணிப் பட்டும் அதைப் பெற்றது. நூலுக்கும் தறிக்கும் ஊருக்கும் சான்றுண்டு. நெய்தவளுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு மட்டும் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இது அயலான விஷயமன்று. எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ நெசவாளர் வாழ்விலிருந்து எழுந்த நாவல். 2008இல் வந்த ‘காஞ்சீவரம்’ படத்தில், மகளின் திருமணத்துக்காகப் பட்டிழைகளைத் திருடிச் சேர்க்கும் நெசவாளனுக்காக நாம் கண்ணீர் விட்டோம். திரையில் கண்ட நெசவாளனுக்கு நனைந்த கண், கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது உலர்ந்துவிடுவது ஏன்?

ஆகவே, ‘பசுமை’ என்ற சொல்லை ஆடைமீது ஒட்டும் எவரும் மூன்று செய்திகளையும் சேர்த்து ஒட்டட்டும்: இதை நெய்தவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, தார் சுற்றியவருக்கும் பாவு பிணைத்தவருக்கும் தனியாக எவ்வளவு, சாயநீர் எங்கே போயிற்று. விற்பவர் தாயாயினும் பெருநிறுவனமாயினும் விதி ஒன்றே. வாங்கும் நாமும் கல்லாவில் பணம் வைக்குமுன் இம்மூன்றையும் கேட்போம். விடை வராத கடையில் விற்பது நல்ல புடவையாக இருக்கலாம். அதைப் பசுமை என்று அழைக்க நாம் உடன்படோம்.