கிரிப்பு மாட்டுறதும் ஒரு வேலைதாங்க!

பைக்குக்கு புதுசா கிரிப் வாங்குறப்ப நம்மாளுங்க கலரையும் டிசைனையும்தான் பாக்குறாங்க. அது கழண்டு வராம நிக்குமான்னு யாரும் கேக்குறதில்ல. என்னைக் கேட்டா, பிரேக்குக்குக் குடுக்குற மரியாதைய கிரிப்புக்கும் குடுக்கணும்.

பல கடைகள்ல ரப்பர் சுலபமா ஏறணும்னு சோப்புத் தண்ணியோ ஆயிலோ தடவிடுறாங்க. ஏறும்தான், சந்தேகமே இல்ல. ஆனா சோப்பு மழைல நனைஞ்சா மறுபடி வழுக்கும். ஆயில் சீக்கிரத்துல காயாது. இடதுபக்கம் சுத்த ஆரம்பிச்சா பள்ளத்துல ஹேண்டில் பிடி விட்டுப்போகும். வலதுபக்கம் இன்னும் மோசம். ரப்பர் உள்ள நகர்ந்து சுவிட்ச் பெட்டில உரசினா, ஆக்ஸிலேட்டர விட்டாலும் திரும்பாம மாட்டிக்கும்!

இதுக்குப் பெரிய வித்தையெல்லாம் வேணாம். நிறைய பைக்ல ஹேண்டில் குழாய் 22 மி.மீ. கனம். ஆக்ஸிலேட்டர் குழாய் அதவிடப் பெருசு. அதனால ரெண்டு கிரிப்பையும் மாத்திப் போட்டுடாதீங்க. பழைய பசை, கிரீஸ் எல்லாத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு சுத்தமாத் துடைச்சுட்டு, கிரிப்புக்குன்னே விக்கிற பசையத் தடவி ஒரே மூச்சுல ஏத்துங்க. வலதுபக்கம் 1-2 மி.மீ. இடைவெளி கண்டிப்பா விடணும். அப்புறம் ராத்திரி முழுக்க தொடாதீங்க. மோட்டோகிராஸ் ஓட்டுறவங்க பசைக்கு மேல மெல்லிய கம்பியும் சுத்தி முறுக்குவாங்க. அவங்களுக்கே அவ்வளவு பயம்!

"பத்தே நிமிஷம், ஓட்டிட்டுப் போயிடலாம் சார்"னு கடைல சொன்னா, "என்ன தடவுறீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சோப்புன்னு வந்தா, கிரிப்பை வாங்கிட்டு வந்து வீட்லயே மாட்டிக்குங்க :-)