டன்னைக் கூட்டினால் மாடி குளிராது

"மாடி கொதிக்கிறதா? 3 டன் ஏசியைக் கழற்றிவிட்டு 5 டன் போடுங்கள்" என்கிறார் டெக்சாஸில் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கும் நண்பர். தெர்மோஸ்டாட் இருப்பது கீழ்த்தள ஹாலில். பெரிய இயந்திரம் அந்த ஹாலைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், மாடி வெந்துகொண்டிருக்கும்போதே! ஓடும் நேரம் குறைவதால் ஈரப்பதமும் சரியாக நீங்காது. ஹூஸ்டன் புழுக்கத்தில் அது தனி வேதனை. காற்றுக்குழாய்கள் செல்வதோ, கோடையில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கூரையடிப் பரண் வழியாக. சாதாரண வீட்டில் 20 முதல் 30 சதவீதக் காற்று குழாய்க் கசிவிலேயே போகிறது என்கிறது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம். காசைக் கொட்டுவதென்றால் முதலில் அந்த ஓட்டைகளை அடைக்கட்டும். பரணுக்கு வெப்பத்தடுப்பு, மாடிக்குத் தனி டாம்பரும் (குழாயில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) தெர்மோஸ்டாட்டும் பிறகு. மாடியின் சூடான காற்றைத் திரும்ப இழுக்க அங்கே வழி இருக்கிறதா என்றாவது பார்த்தாரா?