காசு கொடுத்தவருக்கே பூட்டு

கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு கிண்டில் நிறுவனத்தார் எடுத்துவிட்டார்கள். கள்ளப் பிரதியை ஒழிக்க இது தேவைதான் என்று வாதாடுகிறவர்கள் டெலிகிராம் குழுக்களை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். அச்சுப் புத்தகத்தின் மை காய்வதற்குள் ஸ்கேன் செய்த தமிழ் நாவல்கள் அங்கே பிடிஎஃப்பாக உலவுகின்றன. அந்தத் திருடனுக்கு எந்த டிஜிட்டல் பூட்டும் பொருட்டல்ல. மாட்டிக்கொண்டவர் முறையாகப் பணம் கட்டிய வாசகர். அவர்களிலும் அதிகம் இழந்தவர் டிஸ்லெக்சியா உள்ளவர்.

டிஸ்லெக்சியா பார்வைக் கோளாறு அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. எழுத்தை ஒலியாக்கும் இடத்தில் மூளை திணறுகிறது. தமிழில் அந்தத் திணறலுக்கு இடம் ஏராளம். 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவிலிருக்கும் ககரத்தில் தொடங்குகிறது. ல, ள, ழ ஒரு பக்கம். ந, ன, ண மறுபக்கம். மூன்று நான்கு சொற்களைப் புணர்த்தி ஒன்றாக அச்சிடும் நம் வழக்கம் வேறு. இந்த வாசகருக்குக் கைகொடுப்பவை எழுத்துகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடைவெளி, குறுகிய வரி, ஒரு குரல் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் திரையில் நிறம் மாறுவது. காதும் கண்ணும் சேர்ந்து போனால்தான் பக்கம் நகரும். அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன. நூல் அவற்றுக்குள் போக வேண்டும். கோப்பே கைக்கு வராதபோது எதை வாசிப்பது? கிண்டிலிலேயே ஓபன்டிஸ்லெக்சிக் எழுத்துரு இருக்கிறதே என்பார்கள். அது ரோமன் எழுத்துகளுக்காக வரைந்தது. தமிழ் நாவலைப் பிரித்து வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

நம் சட்டம் இந்த வாசகர் பக்கம் நிற்கிறது என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி படிக்க ஏதுவாக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற யாரையும் அனுமதிக்கிறது. அதே திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் பூட்டைத் திறக்க இப்படியொரு விலக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை மனுப் போட்டுக் காப்பாற்ற வேண்டும். இங்கே அந்த அலைச்சல் இல்லை. இறக்கிய கோப்பிலும் பூட்டு இருந்தது உண்மைதான். ஆனால் உதவ ஒருவர் இருந்தால் சட்டத்துக்கு உட்பட்டே அதைத் திறக்க வழியிருந்தது. நாடாளுமன்றம் கொடுத்ததை, எங்கோ உட்கார்ந்து ஒரு பொத்தானை நீக்கியவர்கள் பறித்துவிட்டார்கள்.

கிண்டில் நிறுவனத்தாருக்கு இது புதிதும் அல்ல. 2009 பிப்ரவரியில் கிண்டில் 2 வந்தபோது நூலைக் குரலில் வாசிக்கும் வசதி இருந்தது. ஒலிநூல் உரிமை பறிபோகிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒன்று கூச்சலிட்டதும், அந்த மாதம் முடிவதற்குள் பணிந்து, குரலை அணைக்கும் அதிகாரத்தைப் பதிப்பாளர் கையில் கொடுத்தார்கள். ஏப்ரலில் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் வாசலில் போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்வெலின் '1984' நாவலை, வாங்கியவர்களின் கருவிக்குள் புகுந்து அழித்தார்கள். ஊர் சிரித்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பாடநூல் கருவி என்று கிண்டில் டிஎக்ஸைக் கொண்டுபோனார்கள். பார்வையற்ற மாணவரால் அதன் மெனுவைக்கூடக் கேட்டறிய முடியவில்லை. வழக்கு வந்தது. 2011-இன் கிண்டில் டச்சில் இருந்த ஒலி, மறு ஆண்டு பேப்பர்ஒயிட்டில் காணாமல் போனது. குறைபாடுள்ள வாசகர் என்று ஒருவர் இருப்பது, யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கும்வரை இவர்களுக்கு நினைவு வருவதே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இது அலட்சியம்.

வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. டிஜிட்டல் பூட்டு இந்த வாசகர்களின் உரிமைக்குக் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. டெல்லி தன் கையெழுத்தை மதித்து, ஏதேனும் ஒரு வகையில் கிண்டில் நிறுவனத்தாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்களும் வாய் திறக்கட்டும். பூட்டி வைக்கப்பட்டிருப்பவை அவர்களுடைய நூல்கள்.