மூன்று வரியிலும் இருக்கிற குழந்தை, பதிவேட்டில் இல்லை

அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்களின் பட்டியல். 73ஆவது திருத்தத்தோடு வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேளாண்மை, குடிநீர், சாலை என்று போகும் அந்தப் பட்டியலில் 25ஆவது வரி பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 26ஆவது வரி மாற்றுத்திறனாளிகள் நலத்தை உள்ளடக்கிய சமூக நலம். (சட்டத்தில் இருக்கும் பழைய சொற்கள் இழிவானவை, இங்கே அவற்றை எழுதப் போவதில்லை.) 27ஆவது வரி நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நலம்.

அடுத்தடுத்த மூன்று வரிகள். சேரியில் பிறந்த ஒரு மாற்றுத்திறன் குழந்தை இந்த மூன்றுக்குள்ளும் வரும். காகிதத்தின்படி பார்த்தால் ஊராட்சி அந்தக் குழந்தையை மூன்று முறை தேடிப் போயிருக்க வேண்டும். ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், "உங்கள் எல்லைக்குள் மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர், யாருக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கு எத்தனை என்று சொல்வார்கள். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவைச் சொல்வார்கள். இதற்கு மட்டும், "அது ஸ்கூல்ல கேக்கணும் தம்பி" என்பார்கள்.

பள்ளியில் கேட்டால் வட்டார வள மையத்தைக் கை காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து பயிற்சி தர வேண்டிய சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் அங்கிருந்துதான் வர வேண்டும், அது கல்வித்துறை. அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டிய நடமாடும் மருத்துவக் குழு சுகாதாரத்துறை. அந்த அங்கன்வாடியே இன்னொரு துறை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. நான்கு துறைக்கும் நான்கு பதிவேடு, நான்கு அலுவலகம். இந்த நான்கையும் ஒரே குழந்தையின் பெயரில் சேர்த்து வைத்துப் பார்க்கும் நாற்காலி ஊருக்குள் ஒன்றுகூட இல்லை. நான்கு அலுவலகத்துக்கும் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அலைகிற அம்மா மட்டும்தான் இருக்கிறார். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

என் சித்தி மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம், தானாக உட்கார முடியாது. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. வீட்டுவழிப் பயிற்சி பெறும் குழந்தை என்றும் குறித்திருக்கிறார்கள். சித்தி நினைவு வைத்துச் சொன்ன கணக்கில், ஓராண்டில் பயிற்சிக்கு ஆள் வந்தது மூன்று முறை. கையெழுத்து மட்டும் மொத்தமாக வாங்கிப் போயிருக்கிறார்கள். ஊர்த்தெருவில் இதே நிலையில் ஒரு பையன் இருக்கிறான். அவன் வீட்டுக்கு ஆள் ஒழுங்காக வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், வர வேண்டும். ஆனால் அங்கிருந்து காலனிக்கு நடந்தால் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை நடக்காததற்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் பிரச்சினை. அந்தச் சிறப்பாசிரியரும் தொகுப்பூதியத்தில் பல ஊர்களைச் சுற்றுகிறவர். அவரைத் தனியாகத் திட்டி ஒன்றும் ஆகாது. அவருடைய நேரம் பற்றாக்குறையாக இருக்கும்போது யாருடைய வீடு முதலில் விடுபடுகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் இதைக் கேட்பதற்கென்றே ஒரு குழு இருக்க வேண்டும். 2009இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் அதைச் சொன்னது: கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. தலைவர், ஊராட்சி மன்றத் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ஆசிரியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உறுப்பினர், இரண்டு குழந்தைகள். அந்த நான்கு துறையில் பாதிப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். யோசனை நல்ல யோசனை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஊராட்சியின் குழுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினோம். ஓராண்டில் நான்கு கூட்டம். நான்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. "குழந்தைத் திருமணம் இல்லை. குழந்தைத் தொழிலாளர் இல்லை. இடைநிற்றல் இல்லை." இல்லை, இல்லை, இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகள் என்ற கட்டத்தில் '1' என்று போட்டிருந்தது. அது ஊர்த்தெருப் பையன். சித்தி மகளும், காலனியில் காது கேளாத இன்னொரு சிறுவனும் அந்தக் காகிதத்தில் பிறக்கவே இல்லை. குழு உறுப்பினர் பட்டியலில் காலனிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. அவரிடம் போய்க் கேட்டால், "அப்படி ஒரு குழுவா?" என்றார்.

இதை ஒரு ஊராட்சியின் சோம்பல் என்று விட்டுவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கண்காணிப்பு என்பது கேள்வி கேட்பது. கேள்வி கேட்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். கிராமத்தில் அந்த இடத்தைச் சாதிதான் பங்கிட்டு வைத்திருக்கிறது.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமக் குடியரசு என்ற கனவில் மிதந்தவர்களுக்கு அன்று கோபம் வந்தது. அவர் எதைச் சொன்னார் என்பதை மேலவளவு காட்டியது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு வந்ததற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே, தலித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலியில் உட்காரவே அனுமதிக்கப்படாத தலைவர்தான், திட்டத்தின்படி, குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ஆதிக்கச் சாதித் தலைமையாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ "ஏன் காலனிக்குப் போகவில்லை?" என்று அவர் எப்படிக் கேட்பார்? திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் 2018இல் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியையே மறித்தார்கள். அந்த மாதிரியான பள்ளிக் கட்டடங்களின் வழியாகத்தான் மாற்றுத்திறன் குழந்தைக்கான எல்லாச் சேவையும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் ஊராட்சியிடம் இதைக் கொடுக்கவே கூடாது, எல்லாவற்றையும் ஆட்சியர் அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்தக் கோபம் நியாயமானது, முடிவு தவறு. ஆட்சியர் அலுவலகம் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே தெரிவது எண்கள்தான். '1' என்று போனால் '1' என்றுதான் தெரியும். அந்த '1' பொய் என்று சொல்லத் தெரிந்தவர்கள் காலனியில் மட்டுமே இருக்கிறார்கள். ஆகவே கண்காணிப்பு ஊரிலேயே நடக்க வேண்டும், ஆனால் 'ஊர்' என்கிற அந்தப் பெரிய மனிதர்களின் கையில் அல்ல. அம்பேத்கர் சொன்ன அலகான தனிமனிதரின் கையில். இங்கே அந்தத் தனிமனிதர், குழந்தையைச் சுமக்கும் அம்மா.

சட்டம் அவருக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 9ஆவது பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் 14 வயதுவரையான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. பின்தள்ளப்பட்ட பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்ப்பதும் அதன் கடமை. பட்டியல் சாதிக் குழந்தைகள் அந்தப் பிரிவில் முதலிலிருந்தே இருக்கிறார்கள். 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் சேர்த்தது, கடும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையையும் கொடுத்தது. 32ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது: குழந்தையின் உரிமை பற்றிய குறையை யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், அந்த முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், ஐந்தாண்டுக்கு ஒரு முறை பள்ளி செல்லும் மாற்றுத்திறன் குழந்தைகளைக் கணக்கெடுத்து, அவர்களுடைய தேவை என்ன, அது எந்த அளவு நிறைவேறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. 'எந்த அளவு நிறைவேறியிருக்கிறது' என்பதுதான் முக்கியம். தலையை எண்ணுவது மட்டும் கணக்கெடுப்பு ஆகாது.

ஊராட்சித் தேர்தல் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தலே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. பிறகு வந்த தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. 2021இல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்கள் தவிர மற்ற இடங்களில் மறுபடியும் தனி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் தலைவராக இருக்கிறார் என்றால், அத்தனை குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களும் அவர் தலையில்தான். ஆளுக்கொரு காலாண்டுக் கூட்டத்தை அவர் எங்கே நடத்துவது? எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது போலத்தான் நடத்துவார்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களை நான் வரவேற்கிறேன். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைப்பது அதன் நோக்கம். மாற்றுத்திறனாளி இயக்கங்கள் நீண்ட காலம் போராடிப் பெற்றது. ஆனால் ஊருக்கு ஒருவர் என்று நியமிக்கும்போது அந்த ஒருவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நியமனத்தில் சாதிவாரிச் சுழற்சி வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். பட்டியல் கைக்கு வந்த பிறகு கேட்டால், "அவரும் பாவம், மாற்றுத்திறனாளிதானே" என்று வாயை அடைப்பார்கள்.

இந்தப் 'பாவம்'தான் என் எரிச்சல். சக்கர நாற்காலி கொடுக்கும் விழாவில் மாலையும் படமும் உண்டு. கொடுத்த நாற்காலி காலனிச் சந்துக்குள் நுழைகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. இரக்கத்துக்குக் கணக்கு கிடையாது, அதனால்தான் அதிகாரத்துக்கு அது வசதியாக இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் 17ஆவது பிரிவில் கிராம சபை வழியே சமூகத் தணிக்கை என்று எழுதியது. மண் வெட்டிய கணக்கை ஊர் முன்னால் வாசிக்க வைக்க முடியுமென்றால், ஒரு குழந்தைக்கு எத்தனை முறை பயிற்சி நடந்தது என்ற கணக்கை வாசிக்க வைக்க முடியாதா? குழந்தையின் நோய் விவரத்தை மைக்கில் சொல்ல வேண்டாம், அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். தெருவாரியாக எத்தனை குழந்தைகள், எத்தனை வருகைகள், எத்தனை பேருக்கு உதவித்தொகை என்று வாசித்தால் போதும். காலனிக்கு நேராக என்ன எண் வருகிறது என்று எல்லோரும் கேட்கட்டும்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்னால், ஊருக்கு இரண்டு பேர் போதும், காலனியின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எண்ணிவிடுங்கள். வெளியே காட்டாமல் வளர்க்கும் வீடுகளும் இருக்கும். அக்காக்கள் உடன் வந்தால் கதவு திறக்கும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் குழுவின் குறிப்புகளை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கோயில் வளாகத்தில் கூட்டம் போட்டால் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்; மதச் சார்புள்ள இடத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்பது அரசின் சொந்த உத்தரவு. 32ஆவது பிரிவைக் குறிப்பிட்டு மனுவை அம்மாவின் பெயரிலேயே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டில் தேதி போட்டு வாங்குங்கள், மூன்று மாதம் அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தீர்மானப் புத்தகத்தில் மனுவின் சாரம் எழுதப்பட்டு, அது உரக்க வாசிக்கப்படும் வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.