கடலை விழுது வரட்டும். மாத்திரைப் புட்டி வேண்டாம்!

அமெரிக்கா பணக்கார நாடு. அந்த நாட்டுக்காரர் ஒருவர் வேலை நிமித்தமாகப் பாரிசிலோ, லண்டனிலோ, டோக்கியோவிலோ குடியிருக்கிறார். விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விட்டுத் திரும்புகிறார். அவர் பெட்டியில் என்ன இருக்கும்?

விலை உயர்ந்த சாமான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை!

பீநட் பட்டர் இரண்டு புட்டி. சீஸ் தூளுடன் வரும் மக்ரோனி நாலு பெட்டி. பூசணிக்காய் விழுது அடைத்த டப்பா. வாயை விரலால் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பைகள். எல்லாவற்றுக்கும் அடியில், பெரிய புட்டி நிறையத் தலைவலி மாத்திரை.

அத்தனையும் மளிகைக் கடைச் சரக்கு! இதற்காகவா கடல் கடந்து சுமப்பது என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் புட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் தின்பண்டத்தைப் பார்ப்போம்.

நாக்கு கேட்கிறது

பீநட் பட்டர் என்பது வேறொன்றும் இல்லை. வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய் போல அரைத்த விழுது. ரொட்டியில் தடவித் தின்பார்கள். பல தலைமுறையாக அமெரிக்கக் குழந்தைகள் தின்று வளர்ந்த பண்டம். வேறு நாடுகளிலும் கடலை விழுது கிடைக்கிறது. ஆனால் சின்ன வயதில் தின்ற அதே இனிப்பு, அதே உப்பு அதில் இருப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் பீநட் பட்டரும் 'திரவம்' என்றுதான் கணக்கு! 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். கரண்டியை நட்டால் நிற்கும் பண்டம் எப்படித் திரவம் ஆகும்? வாதாடிப் பயன் இல்லை. சரக்கில் போடும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

மக்ரோனிப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 1937-ம் ஆண்டு. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம். கையில் காசு இல்லை. அப்போது கிராப்ட் கம்பெனி இந்தப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 19 சென்ட். ஒரு பெட்டியில் நாலு பேர் சாப்பிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஏழை வீட்டு அடுப்பில் ஏறிய பண்டம், பிறகு எல்லார் வீட்டுக்கும் போயிற்று. இன்று பெரிய சம்பளக்காரரும் அதைத்தான் பெட்டியில் அடுக்குகிறார்.

பூசணிக்காய் சங்கதி இன்னும் சுவையானது. நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி நாள். அன்று குடும்பம் கூடி உண்ணும். விருந்தின் கடைசியில் பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் வர வேண்டும். ஐரோப்பாவில் பூசணிக்காய் இல்லையா? இருக்கிறது. வேகவைத்து மசிக்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் இல்லினாய் மாநிலத்தில் விளைந்து, டப்பாவில் அடைத்து வந்த விழுதைத்தான் தேடுகிறார்கள். அம்மா டப்பாவைத் திறந்து செய்தாள். பிள்ளைக்கும் டப்பாதான் வேண்டும்!

இதில் என்ன தவறு? நம் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது பருப்புப் பொடியும் வடகமும் கட்டிக் கொடுக்கிறோமே, அது மட்டும் என்ன? மாமிசம், பழம், விதை ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. அதை மட்டும் விசாரித்துக்கொள்ளட்டும்.

மாத்திரை மளிகைச் சாமான் அல்ல

இனி அந்தக் கடைசிப் புட்டி.

அமெரிக்காவில் காய்ச்சல், தலைவலி மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரே புட்டியில் நூறு, இருநூறு என்று இருக்கும். ஐந்நூறு உள்ள புட்டியும் உண்டு. அப்படி வாங்கிப் பழகியவர் லண்டனில் கடைக்குப் போனால் திகைத்துப் போகிறார். சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைதான்! "இது என்ன கஞ்சத்தனம்?" என்று அலுத்துக்கொள்கிறார். அடுத்த முறை ஊரிலிருந்தே பெரிய புட்டியாகக் கொண்டு வருகிறார்.

அது கஞ்சத்தனம் அல்ல. 1998-ம் ஆண்டு பிரிட்டனில் போட்ட கட்டுப்பாடு. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கி ஈரல் கெட்டுச் செத்தவர்கள் அதிகம். வீட்டில் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணினார்கள். பலன் கிடைத்தது. அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சாவுகள் சுமார் 43 சதவிகிதம் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள் ஐந்நூறு மாத்திரையைச் சுமந்து வருவது புத்திசாலித்தனமா?

ஜப்பானில் சட்டம் இன்னும் கடுமை. மூக்கடைப்புக்கு அமெரிக்கர் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளுக்கே அங்கே தடை. 2015-ம் ஆண்டு ஜூன் மாதம், டொயோட்டா கம்பெனியின் அமெரிக்கப் பெண் அதிகாரி ஒருவர் டோக்கியோவில் கைதானார். ஆக்சிகோடோன் என்ற கடுமையான வலி மாத்திரை தபாலில் அவருக்கு வந்தது. அதுதான் காரணம்! ஜூலையில் வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் அவர் பதவியை விட்டு விலகியிருந்தார்.

தூக்கத்துக்கு என்று விற்கும் மெலடோனின் இன்னொன்று. பிரிட்டனில் அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் வேண்டாம். பழ மிட்டாய் போலவே செய்து விற்கிறார்கள். மிட்டாய் போல இருந்தால் குழந்தை சும்மா இருக்குமா? அமெரிக்க நஞ்சு ஆலோசனை நிலையங்களுக்குக் குழந்தைகளும் இளம் பிள்ளைகளும் மெலடோனின் தின்றதாக 2012-ல் வந்த தகவல்கள் 8,337. 2021-ல் 52,563! பெரும்பாலோருக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டு குழந்தைகள் இறந்தன.

நம் வீட்டுக்கும் வருகிறது

இது அமெரிக்கர் கதை என்று இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் சாக்லேட்டோடு மாத்திரைப் புட்டியையும் கொண்டு வருகிறார்கள். "சீமை மாத்திரை, உடனே கேட்கும்" என்று அக்கம் பக்கத்துக்கும் பங்கு போகிறது.

என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருக்குக் காய்ச்சல். டாக்டர் சொன்னபடி டோலோ 650 மூன்று வேளை போட்டார். அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த டைலெனாலும் வீட்டில் இருந்தது. "அது வேறு, இது வேறு" என்று நடுநடுவே அதையும் இரண்டிரண்டாக மூன்று தடவை போட்டிருக்கிறார்.

அது வேறு அல்ல! அமெரிக்கப் புட்டியில் அசிட்டமினோபென் என்று எழுதியிருக்கும். இங்கே பாராசிட்டமால் என்கிறோம். இரண்டும் ஒரே மருந்து. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்ச அளவு. ஈரல் கோளாறு இருந்தால் அதுவும் கூடாது. பெரியம்மா போட்டதை நான் கூட்டிப் பார்த்தேன். டோலோவில் 1,950. ஒவ்வொன்றும் 500 வீதம் டைலெனாலில் 3,000. மொத்தம் 4,950!

டாக்டரிடம் ஓடினோம். ரத்தம் சோதித்தார்கள். நல்ல வேளை, ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தா? சீட்டோடு, கடைப் பெட்டியோடு, பயண நாளுக்கு வேண்டிய அளவு எடுத்துப் போகட்டும். போகும் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். ஊருக்குப் பங்கு போடப் புட்டி புட்டியாக வாங்குவதை நிறுத்த வேண்டும்.

பெரியம்மா வீட்டுப் புட்டியின் மேல் 'இதுவும் பாராசிட்டமால்தான்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். போன வாரம் அண்ணன் போன் பேசினான். "அடுத்த தடவை என்ன வாங்கி வரட்டும், அம்மா?" என்று கேட்டான்.

"பாதாம் பருப்பு வாங்கி வா, போதும்" என்றார் பெரியம்மா.