மாவட்டக் கணக்கில் மறைந்துபோகும் பிள்ளை

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு மாணவிக்கு விண்ணப்பம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தேன். தரம் 11 படிக்கிறாள். வெளிநாட்டில் நடக்கும் கோடைகால விஞ்ஞான முகாம் ஒன்றுக்கான விண்ணப்பம் அது. மாமாவிடம் இரவல் வாங்கிய கைபேசியில்தான் எல்லாம். பெயர், பாடசாலை, புள்ளிகள் வரைக்கும் விரல் வேகமாக ஓடியது. செய்த ஆய்வுகள், கலந்துகொண்ட போட்டிகள், பெற்ற பரிசுகள் என்ற கட்டம் வந்ததும் நின்றுவிட்டது.

"எழுத ஒன்னும் இல்ல சேர். வெறுமையா விட்றவா?"

பேச்சை மாற்றி, காலையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். சனிக்கிழமை என்பதால் விடியுமுன்னே அப்பாவோடு பால்வெட்டு மலைக்குப் போயிருக்கிறாள். வெயில் ஏற ஏறச் சிரட்டையில் விழும் பால் குறைவதை இரண்டு வருடமாகக் கவனித்து வருகிறாள். பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பத்து மரங்களை எந்த நேரத்தில் வெட்டினால் சிரட்டை எவ்வளவு நிரம்புகிறது என்று எழுதி வைத்திருந்தாள். தேசிக்காய்ப் புளி விட்டால் பால் உறைய எவ்வளவு நேரம், போமிக் அமிலம் விட்டால் எவ்வளவு நேரம் என்பதும் அதில் இருந்தது.

இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறுவதில்லை. மரத்துக்குள் நீரழுத்தம் கூடி நிற்கிறது. அதனால்தான் விடியலில் பால் பெருகி வடிகிறது. பாலில் மிதக்கும் இறப்பர்த் துணிக்கைகள் மறை ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளி நிற்பவை. அமிலம் அந்த ஏற்றத்தைப் போக்கியதும் ஒட்டித் திரள்கின்றன. இந்த விளக்கங்களை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனால் விளக்கம் தேடவேண்டிய இடத்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். இதைத்தானே அந்தக் கட்டம் கேட்கிறது என்றேன். "இது எங்க வீட்டு வேலைதானே சேர்" என்றாள்.

தன் அறிவை அறிவென்று அவள் நம்பாததற்கு அவள் காரணமில்லை. நம்மிடம் உள்ள தெரிவு முறைகள் எல்லாம் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பை அளந்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைக்கின்றன.

உலகப் புகழ்பெற்ற முகாம்களைப் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆய்வு விஞ்ஞான முகாம் 1984இல் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 100 மாணவர்கள், ஆறு வாரங்கள். கட்டணம் இல்லை, பயணச் செலவு மட்டும் மாணவருடையது. 1959இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இன்னொரு முகாமில் மாணவர்கள் தொலைநோக்கியால் சிறுகோளைப் பின்தொடர்ந்து அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணிக்கிறார்கள். வசதியற்றவர்களுக்கு நிதியுதவியும் உண்டு. பணத் தடையை இவை ஓரளவு நீக்கிவிட்டன. ஆனாலும் ஆங்கிலக் கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், படித்த மேல்நிலைப் பாடங்கள், போட்டிச் சான்றிதழ்கள் என்ற கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. இவற்றில் எதையும் பிள்ளை தனியாக நிரப்ப முடியாது. ஆய்வுகூடம் உள்ள, விஞ்ஞான ஆசிரியர் நிலைத்திருக்கும், போட்டிக்குக் கூட்டிப்போக ஆள் உள்ள பாடசாலைதான் நிரப்பித் தரும்.

வெளிநாட்டை விடுவோம். நம் நாட்டின் அளவுகோலும் அதே பிழையைச் செய்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, இரத்தினபுரியும் இருக்கிறது. கேகாலை இல்லை. தெஹியோவிட்டவோ கேகாலை மாவட்டம். இங்கிருந்து எஹலியகொட கொஞ்ச தூரப் பஸ் பயணம்தான். ஆனால் அது இரத்தினபுரி மாவட்டம். அங்கே உள்ள பிள்ளை பின்தங்கியவர், இங்கே உள்ள பிள்ளை பின்தங்காதவர். இரண்டு பக்கமும் அதே இறப்பர், அதே லயம், அதே மழை.

55 வீதத்திலும் நிலைமை இதுதான். கேகாலை நகரத்தின் பெரிய பாடசாலைகளில் படித்தவர்களோடு இந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒரே வரிசையில் நிற்க வேண்டும். மாவட்டத்தின் சராசரி நன்றாக இருக்கிறது. அந்தச் சராசரிக்குள் அவள் மறைந்துபோகிறாள். எல்லைக்கு அப்பாலும் கதை நிறைவாக இல்லை. இரத்தினபுரிக்குக் கிடைக்கும் சலுகை, நகரத்தில் எல்லா வசதியோடும் படித்த பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒன்றுதான். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன; 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி தோட்ட மக்களிடம் வந்துசேர ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தியது. அந்தப் பிந்தலை மாவட்டம் என்ற அளவுகோலால் ஒருபோதும் காண முடியாது.

வேறு அளவுகோல் இருக்கிறதா? இருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, 2019 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 'யுவிகா' என்ற இளம் விஞ்ஞானி முகாமை நடத்துகிறது. இரண்டு வாரம், பயணம், தங்குமிடம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. அண்மைக்கால அறிவிப்புகளின்படி எட்டாம் வகுப்புப் புள்ளிகளுக்கு 50 வீத நிறை. விண்ணப்பிப்பவரின் பாடசாலை ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், அதற்காகவே 15 வீதம். எந்த மாநிலம் என்பதோடு நிற்காமல், பிள்ளை உட்கார்ந்து படித்த வகுப்பறை எங்கே என்றும் அது கேட்கிறது. அந்த ஒரு கேள்வி எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கும்.

நம்மிடம் அதைவிட நுட்பமான கருவி ஏற்கெனவே இருக்கிறது. கல்வி அமைச்சு எல்லாப் பாடசாலைகளையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி; கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி; சாதாரண தரம் வரை உள்ளவை வகை 2; ஆரம்ப வகுப்புகள் அல்லது தரம் 8 வரை மட்டும் உள்ளவை வகை 3. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் 1ஏபி மிகச் சில. விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் கலைப் பிரிவோடு திருப்தியடைய வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பது அரசாங்கத்தின் கோப்பிலேயே இருக்கும்போது, அதைத் தெரிவுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு நியாயம் கிடையாது.

இது தரத்தைக் குறைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியை மதிக்கிறேன். தனியார் வகுப்பும் ஆய்வுகூடமும் கிடைத்த ஒருவர் 85 எடுக்கிறார். ஆண்டின் நடுவில் விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப்போன பாடசாலையில், வீட்டில் யாரும் சாதாரண தரம் தாண்டாத ஒருவர் 72 எடுக்கிறார். அடுத்த ஐந்து வருடத்தில் யார் எவ்வளவு தூரம் போவார் என்று ஊகிக்க, இரண்டு எண்களை மட்டும் பார்ப்பது மோசமான விஞ்ஞானம். எந்த அளவீட்டையும் அது எடுக்கப்பட்ட நிபந்தனைகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம்.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவதாக, தேசிய மட்ட விஞ்ஞானப் போட்டிகளும் முகாம்களும் விண்ணப்பத்தில் பாடசாலையின் வகையைக் கேட்டு, அதற்கு நிறை கொடுக்க வேண்டும். தமிழில் எழுதிய விண்ணப்பத்தையும் அவை சமமாக ஏற்க வேண்டும். இரண்டாவதாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பின்தங்கிய நிலையை மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு இறக்க வேண்டும். மூன்றாவதாக, ஓகஸ்ட் விடுமுறையில் தோட்டப்புற மாணவருக்கென்று தமிழ்மொழி மூல முகாம்கள் இங்கேயே தொடங்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. தலவாக்கலையில் 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அகலவத்தையில், உலகின் மிகப் பழமையான இறப்பர் ஆராய்ச்சி நிலையம் என்று சொல்லப்படும் நிறுவனம் இருக்கிறது. தோட்ட மக்களின் உழைப்பால் வளர்ந்த பயிர்களை ஆராயும் இடங்கள் இவை. அவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் திறந்துவிடுவது பெரிய கோரிக்கை ஆகாது.

அதுவரை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதத்தில் ஒழுக்கமானவர், கெட்டிக்காரர் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பாடசாலையில் என்ன இல்லை, அது இல்லாமலே இந்தப் பிள்ளை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

அன்று அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்து, அவள் சொல்லச் சொல்ல, இருவருமாக அந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் நிரப்பினோம். சந்திக்கு இறங்கி வந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் அனுப்பினோம். தெரிவுப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. செய்தியைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அடைமழைக் காலத்தில் பால் ஏன் தண்ணியாக வருகிறது என்று கேட்டாள்.

அதற்கு விடை தெரிந்தவர்கள் அகலவத்தையில் இருக்கிறார்கள். அவளை அங்கே கூட்டிப்போக ஒரு பஸ்ஸும் ஒரு வாரமும் போதும்.