புயல் கடந்தது பாபட்லாவில்... எண்ணூரில் ஏன் மழை நிற்கவே இல்லை?

2023 டிசம்பர் 5-ம் தேதி மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிற ஊர் அது. ஆனால் அதற்கு முந்தைய நாளே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தண்ணீரில். "புயல்தான் இங்க வரலையே, அப்புறம் எப்படி?" என்று அன்றைக்குக் கேட்காதவர்கள் குறைவு.

2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா, நேராகச் சென்னைக்குள்ளேயே நுழைந்தது. மரங்களைச் சாய்த்துவிட்டு அன்றே நகர்ந்தும் விட்டது. மிக்ஜாமின் மையமோ கடலைவிட்டு இங்கே ஏறவே இல்லை. ஆனால் அதன் வால்கள் ஏறின. அந்த வால்களுக்குப் பெயர்தான் மழைப் பட்டைகள்.

புயலின் மையத்தைச் சுற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருள் சுருளாக நீளும் மேக வரிசைகள் இவை. சூடான கடலிலிருந்து ஈரக்காற்று மேலெழும்பி மேகமாகிறது, மழையாகக் கொட்டுகிறது. விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாவதால், சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கிப் பரவுகிறது. அப்படிப் பரவும்போது பக்கத்திலிருக்கும் வெப்பமான ஈரக்காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தள்ளிவிடுகிறது. அங்கே அடுத்த மேகம் ரெடி! மையத்துக்கு அருகே காற்று வேகமாகவும், தள்ளி இருக்கும் இடத்தில் மெதுவாகவும் சுற்றுவதால், இந்த மேகங்கள் இழுபட்டுச் சுருளாக வளைகின்றன.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்து நின்றவர்களுக்கு அடுத்த விஷயம் சுலபமாகப் புரியும். பட்டைதான் கூட்ஸ் வண்டி, மேகங்கள் அதன் பெட்டிகள். நம் பகுதி கேட். ஒரு பெட்டி கொட்டிவிட்டுப் போனதும் அடுத்தது வருகிறது. கடல் பக்கமோ புதுப்புதுப் பெட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. புயல் வேகமாக நகர்ந்தால் தண்டவாளமே வேறு ஊருக்கு மாறிவிடும். மிக்ஜாம் சென்னைக்கு அருகே ஏறக்குறைய சைக்கிள் வேகத்தில்தான் நகர்ந்தது. கேட் திறக்கவே இல்லை.

வடசென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. மையம் சென்னைக்குக் கிழக்கே கடலில் இருந்தால், பட்டைகள் வடக்கிலிருந்து வளைந்து வரும். பழவேற்காடு, எண்ணூர் பக்கம்தான் முதலில் நனையும். கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம் வழியே வெளியேற வேண்டிய அதே நேரத்தில், கடலும் பொங்கி நின்று வழிவிடாது. 2023-ல் அந்த வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டையிலிருந்து எண்ணெயும் கலந்து வந்தது. மழை விட்ட பிறகும் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக அப்பியிருந்தது அதுதான்.

காசிமேட்டுக்காரர்கள் துறைமுகக் கூண்டைப் பார்த்தே காற்றைக் கணிப்பார்கள். ஆனால் 1 முதல் 11 வரை எந்தக் கூண்டு ஏறினாலும், எந்தத் தெருவில் மழை நிற்காது என்று அது சொல்லாது. அதைக் காட்டுவது ராடார். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட மாடியில் 2002 முதல் டாப்ளர் ராடார் இருக்கிறது. அதன் படத்தை வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில், போனிலேயே பார்க்கலாம்.

ஒரு படத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. அப்போது வானம் வெளுக்கும், வெயில்கூட எட்டிப் பார்க்கும். "விட்டுடுச்சு" என்று பால் வாங்கக் கிளம்பினால், அடுத்த பட்டை பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். கடைசி ஒன்றிரண்டு மணி நேரப் படங்களை வரிசையாகப் பாருங்கள். பட்டை மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்குகிறதென்றால் சற்று நேரத்தில் மழை விடும். பட்டை இருந்த இடத்திலேயே இருக்க, சிவப்புத் திட்டுகள் மட்டும் அதன் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்தால், பைக்கை மேடான இடத்துக்கு மாற்றிவிட்டு, போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.